மார்பகப் புற்றுநோயும் எமது மௌனமும்: பேசும் கணினி உதவுமா?

1996ஆம் ஆண்டு மாசி மாதத்தின் ஒரு காலைப்பொழுது. கிழக்கு லண்டனில் எமது குடும்ப வைத்தியரின் அறையிலே, அம்மாவுக்கும் வைத்தியருக்கும் நடுவில் போடப்பட்ட கதிரையில் நான் அமர்ந்திருந்தேன். அப்போது எனக்கு வயது 11. நாம் இந்நாட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. வீட்டில் ஆங்கிலம் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. உள்துறை அமைச்சிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது, தம்பியின் ஆசிரியரைச் சந்திப்பது, எரிவாயுக் கட்டணம் பற்றித் தொலைபேசியில் பேசுவது யாவும் எனது பொறுப்புகள். அன்று அம்மாவுக்காகப் பேசுவதற்கென்றே பாடசாலைக்கு லீவு போட்டிருந்தேன்.

“நெஞ்சுக்குள்ளை ஏதோ ஒரு மாதிரிக் கிடக்கு எண்டு சொல்லு பிள்ளை” என்றார் அம்மா.

நான் ஆங்கிலத்தில் ‘செஸ்ற் பெயின்’ என்றேன். வைத்தியர் இதயத் துடிப்பைக் கேட்டார். ஈசிஜி எடுப்பதற்குக் கடிதம் தந்தார். உறைப்பு அதிகம் சாப்பிடுவீர்களா என்று வினவினார். வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பதற்கான குளிசைகளை எழுதிக் கொடுத்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பேருந்தில் வீடு திரும்பும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அம்மாவின் இடது மார்பகத்தில் ஒரு கட்டி இருந்தது. அதைத்தான் அவர் சொல்ல முயன்றார். ஏழு மாதங்களின் பின்னர், மேல்மாடியில் குடியிருந்த அக்கா ஒருவர் அம்மாவைத் தானே அழைத்துச் சென்று, கதவை மூடி, வைத்தியரிடம் நேரடியாகச் சொன்ன பின்னரே எமக்கு அது தெரியவந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. ஏனைய சிகிச்சைகளும் நடந்தன. 1999ஆம் ஆண்டு அம்மா காலமானார்.

அந்த ஏழு மாதங்கள் வீணாகாதிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் எழுத வரவில்லை. அதனை எவராலும் கூறமுடியாது. ஆனால் அந்த ஏழு மாதங்கள் ஏன் வீணாகின என்பதை என்னால் கூறமுடியும். வைத்தியர் இருந்தார். வைத்தியசாலை இருந்தது. கட்டணம் எதுவும் கேட்கப்படவில்லை. அம்மாவின் கையும் கட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. தன் பதினொரு வயது மகளின் வாய்வழியாக, ஓர் ஆண் வைத்தியரின் முன்னால் சொல்லக்கூடிய ஒரு சொல் மாத்திரமே அவரிடம் இருக்கவில்லை.

இதனை வாசிக்கின்ற பலர் அதே கதிரையில் அமர்ந்து வளர்ந்தவர்கள். வேறு பலர் அந்தத் தாயாக அமர்ந்தவர்கள். ஆகையினால்தான் இந்த விடயத்தை இப்பக்கத்தில் வெளிப்படையாக எழுதத் துணிகின்றேன்.

புதிய ஆசிரியை

2022ஆம் ஆண்டு கார்த்திகை இறுதியில் சற்ஜிபிரி என்னும் உரையாடும் கணினிச் செயலி பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து அதேபோன்ற பல செயலிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவு எனப்படும் இவற்றிடம் தமிழில் எழுதிக் கேட்கலாம். வாயால் பேசியும் கேட்கலாம். அவை தமிழிலேயே மறுமொழி கூறுகின்றன. பெண்கள் தமது மார்பகங்களைத் தாமே பரிசோதிக்கக் கற்பிப்பதற்கு இவற்றைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை இப்போது பேசப்பட்டு வருகின்றது.

இந்த யோசனையை எமது சமூகம் எவ்வாறு நோக்க வேண்டும்? நான் அதனை வரவேற்கின்றேன். ஆனால் நிபந்தனைகளுடன் வரவேற்கின்றேன். பெண்ணுக்கு அறிவையும் சொல்லையும் கொடுத்து அவளை வைத்தியரின் வாசல்வரை கொண்டுபோய் விடும் ஆசிரியையாக இக்கணினி இருக்கட்டும். அந்த வாசலை மறித்து நின்று தீர்ப்புக் கூறும் வைத்தியராக அது ஒருபோதும் ஆகக்கூடாது.

முதலில், ஏன் இது அவசியம் என்பதைப் பார்ப்போம். பிரித்தானியாவில் பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கின்றது. ஆண்டுதோறும் 55,000க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்படுகின்றது. ஏறத்தாழ ஏழு பெண்களில் ஒருவர் தமது வாழ்நாளில் இதற்கு ஆளாகின்றார். முதற் கட்டத்திலேயே கண்டறியப்பட்டவர்களில் 100க்கு 95 பேருக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் உயிருடன் இருக்கின்றனர். உடலின் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் கண்டறியப்பட்டவர்களில் இந்த அளவு மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இந்த வேறுபாட்டில் காலத்துக்குப் பெரும் பங்குண்டு.

தேசிய சுகாதார சேவை 50 வயதிலிருந்து 71 வயதுவரையான பெண்களை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மமோகிராம் என்னும் கதிர்ப்படப் பரிசோதனைக்கு அழைக்கின்றது. முதலாவது அழைப்பு 50க்கும் 53க்கும் இடைப்பட்ட வயதில் கிடைக்கும். 71 வயதைக் கடந்தோர் தாமாகவே கேட்டுப் பெறலாம். எமது தாய்மாரில் எத்தனை பேர் அந்த ஆங்கிலக் கடிதத்தை விளம்பரக் கடதாசிகளோடு சேர்த்து எறிந்துவிடுகின்றனர் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். அன்றியும், நோய் காண்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 50 வயதுக்குக் குறைந்தவர். அவர்களுக்கு அழைப்புக் கடிதம் எதுவும் வருவதில்லை. தம் உடலில் ஏற்படும் மாற்றத்தைத் தாமே கவனித்தால்தான் உண்டு.

எதனைக் கற்பிக்க வேண்டும்?

இவ்விடத்தில் ஒரு முக்கியமான உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். மாதம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த முறையில் விரல்களால் வட்டமிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்று முன்னர் கற்பிக்கப்பட்டது. துண்டுப் பிரசுரங்களில் படங்களோடு அது வெளிவந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த முறை உயிர்களைக் காப்பாற்றுகின்றதா என்று சீனாவின் ஷாங்காய் நகரில் மிகப்பெரிய ஆய்வொன்று நடத்தப்பட்டது. 1989 முதல் 1991 வரை நெசவுத் தொழிற்சாலைகளில் பணியாற்றிய 266,064 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினருக்கு இம்முறை நன்கு கற்பிக்கப்பட்டது. மறு பாதியினருக்குக் கற்பிக்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டு இறுதி முடிவு வெளியானது. கற்றவர்களில் 135 பேரும், கல்லாதவர்களில் 131 பேரும் மார்பகப் புற்றுநோயால் இறந்திருந்தனர். வேறுபாடு இல்லை. கற்றவர்கள் மத்தியில் புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்காகச் செய்யப்பட்ட பயொப்சிப் பரிசோதனைகளே அதிகரித்திருந்தன.

அப்படியானால் கவனிக்கத் தேவையில்லை என்று பொருளா? இல்லை. நாட்காட்டி பார்த்துச் செய்யும் சடங்கினால் பயன் காணப்படவில்லை என்பதே இதன் பொருள். பிரித்தானியச் சுகாதாரத் துறையினர் 1990களின் தொடக்கத்திலேயே அந்த முறையைக் கைவிட்டு, ‘உங்கள் மார்பகத்தை அறிந்திருங்கள்’ என்னும் அறிவுரைக்கு மாறினர். தன் மார்பகம் வழமையாக எப்படி இருக்கும் என்பதை ஒரு பெண் குளிக்கும்போதும் உடுத்தும்போதும் பார்த்தும் தொட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதவிடாய்க்கு முன்னும் பின்னும் அது எவ்வாறு மாறுகின்றது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். வழமைக்கு மாறான ஒன்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பயிற்சி வகுப்புத் தேவையில்லை. அறிவும் துணிவும் தேவை.

கவனிக்க வேண்டிய மாற்றங்கள் இவை: மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றும் கட்டி அல்லது தடிப்பு; மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ ஏற்படும் மாற்றம்; தோல் உட்குழிதல், சுருங்குதல், தோடம்பழத் தோல்போலாதல்; சிவத்தல்; முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபடுதல்; அதைச் சுற்றிச் சொறியோ புண்ணோ தோன்றுதல்; அதிலிருந்து இரத்தமோ வேறு நீரோ கசிதல். நோவு இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணக்கூடாது. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் நோவதில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் ஒருவர் கட்டியைக் கண்டால் “பால் கட்டியிருக்கு” என்று மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடாது. ஆண்களுக்கும் இந்நோய் அரிதாக வருவதுண்டு என்பதை ஐயாமாரும் அறிந்திருத்தல் நன்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். மார்பகத்தில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. எமது ஊரில் ஒருவரை மகரகமவுக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்றாலே செத்தவீட்டுக்கு ஆயத்தம் செய்த காலம் ஒன்றிருந்தது. அந்தப் பயத்தை மனத்தில் சுமந்துகொண்டுதான் எமது பெண்கள் இங்கு வந்தனர். கட்டி என்றால் மரணம் என்று நம்புகின்றவள் கட்டியைக் கண்டதும் மறைக்கவே முனைவாள். ஆகவே பயத்தைத் தணிப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே ஆகும்.

கணினியால் இயன்றதும் இயலாததும்

சென்ற மார்கழியில் ஓர் இரவு இத்தகைய செயலி ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். அண்மையில் இந்நாட்டுக்கு வந்த ஒரு தாய் பேசுவதுபோல எண்ணிக்கொண்டு, எமது பேச்சு வழக்கிலேயே, “நெஞ்சுக்குள்ளை கல்லு மாதிரி ஒண்டு தட்டுப்படுது” என்று சொன்னேன். இடக்கையில் நோவு இருக்கின்றதா, மூச்சு வாங்குகின்றதா, வியர்க்கின்றதா என்று அது கேட்டது. இருந்தால் உடனே 999க்கு அழைக்குமாறு கூறியது. இதய நோய்க்கான ஆலோசனை.

கைத்தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். 1996இல் நான் செய்த அதே பிழையை அது செய்திருந்தது. எமது தாய்மார் ‘நெஞ்சு’ என்னும் ஒரே சொல்லுக்குள் இதயத்தையும் மனத்தையும் மார்பகத்தையும் வைத்திருக்கின்றார்கள். எது என்பதைக் கேட்பவர்தான் பிரித்தறிய வேண்டும். பதினொரு வயதில் எனக்கு அது தெரியவில்லை. அந்தக் கணினிக்கும் தெரியவில்லை.

பின்னர் ‘மார்பகம்’ என்ற சொல்லைப் பயன்படுத்திக் கேட்டேன். இம்முறை அது நன்றாகவே விளக்கியது. மேலே நான் எழுதிய அறிகுறிகளில் அநேகமானவற்றை ஒழுங்காகக் கூறியது. விளங்கவில்லை என்றபோது வேறு சொற்களில் சொன்னது. மூன்றாம் தடவை கேட்டபோதும் சலிப்புக் காட்டவில்லை. நேரம் இரவு பன்னிரண்டைக் கடந்திருந்தது. அலுவலகக் கட்டடங்களில் இரவு துப்புரவு வேலை முடித்து வரும் எமது பெண்களுக்கு, காலை எட்டு மணிக்கு வைத்தியநிலையத்தின் தொலைபேசி வரிசையில் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை நாமறிவோம். அந்த நள்ளிரவில், எவருடைய முகத்தையும் பாராமல், தன் மொழியில் ஒரு கேள்வியைக் கேட்க முடிவது சிறிய விடயமன்று. என் அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை.

எனினும் வேறு பிழைகளும் இருந்தன. மாதம் ஒருமுறை கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று அது பழைய பாடத்தை ஒப்புவித்தது. 40 வயதிலிருந்து ஆண்டுதோறும் மமோகிராம் செய்யுமாறும் கூறியது. இந்நாட்டின் நடைமுறை அதுவன்று. இப்படிப்பட்ட கணினி, தான் கற்ற ஏராளமான எழுத்துக்களிலிருந்து அடுத்து வரத்தக்க சொற்களைக் கணித்துக் கூறுகின்றது. அது கற்றவற்றில் ஆங்கிலம் மிக அதிகம், தமிழ் குறைவு. எமது பேச்சுத் தமிழோ மிக மிகக் குறைவு. ஆகையால் தெரியாததையும் தெரிந்தது போன்ற உறுதியுடன் அது பேசிவிடுகின்றது. வீட்டுக்கு வந்த விருந்தாளி தடுமாறினால் நாம் கண்டுகொள்வோம். இது தடுமாறுவதே இல்லை. அதுவே இதன் ஆபத்து.

நான்கு நிபந்தனைகள்

இத்தகைய சேவையைத் தமிழ்ப் பெண்களுக்கென அமைக்க முன்வரும் சுகாதார அமைப்புகளிடமும் பொது நிறுவனங்களிடமும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, அது திருப்பிக் கேட்க வேண்டும். ‘நெஞ்சு’ என்று ஒரு பெண் சொன்னால், எந்த இடத்தைச் சொல்கின்றீர்கள் அம்மா, உள்ளேயா, மார்பகத்திலா என்று அது வினவ வேண்டும். குழந்தையால் தன் தாயிடம் இக்கேள்வியைக் கேட்க முடியாது. கணினியால் முடியும். அதற்கு அவ்வாறு சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுப்பதற்கு எமது தாதியரும், மொழிபெயர்ப்பாளர்களும், எமது தாய்மாருமே தகுதியானவர்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பெண்கள் தம் உடலை எந்தெந்தச் சொற்களால் குறிப்பிடுகின்றனர் என்பதை ஒரு பட்டியலாக எழுதிக் கொடுக்கும் வேலை எமக்குரியது. அதனை வேறெவரும் எமக்காகச் செய்யப் போவதில்லை.

இரண்டாவது, ‘இது புற்றுநோயல்ல, பயப்பட வேண்டாம்’ என்று அது எந்நிலையிலும் கூறக்கூடாது. ‘இது புற்றுநோய்’ என்றும் கூறக்கூடாது. கட்டியைத் தொட்டுப் பார்க்க அதற்குக் கையில்லை. வைத்தியசாலையில்கூட ஒருவர் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு சொல்வதில்லை. கைப்பரிசோதனை, மமோகிராம் அல்லது ஸ்கான், தேவையாயின் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்சி என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கின்றனர். மாற்றம் ஒன்றைக் கண்டதாகக் கூறும் எந்தப் பெண்ணுக்கும் கணினி கூறவேண்டிய இறுதி வசனம் ஒன்றே: வைத்தியரிடம் செல்லுங்கள்.

மூன்றாவது, அவளுடைய அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். பல வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியைக் கணவரும் பிள்ளைகளும் சேர்ந்தே பயன்படுத்துகின்றனர். உரையாடல் அதில் பதிந்திருக்கும். அதனை அழிக்கும் முறை முதலிலேயே கற்பிக்கப்பட வேண்டும். பெயர், பிறந்த திகதி, உள்துறை அமைச்சின் வழக்கு இலக்கம் எதனையும் அதனிடம் கொடுக்க வேண்டியதில்லை. உடலின் புகைப்படத்தை அதற்கு அனுப்பவே கூடாது.

நான்காவது, இக்கணினியைக் காரணம் காட்டி மொழிபெயர்ப்பாளர்களை நிறுத்திவிடக்கூடாது. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்பதும் இன்று அச்சேவையின் வழிகாட்டலே. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், பெண் வைத்தியர் வேண்டும் என்றும் கேட்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எமக்கு எவரும் இதனைச் சொல்லவில்லை. இன்றுகூட எத்தனை தாய்மாருக்கு இது தெரியும்?

எமக்குள் எழும் எதிர்ப்பு

இவ்வாறான விடயத்தைப் பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் முகம் சுழிக்கக்கூடும். பேசாமல் இருந்ததன் பலனை எமது வீடு கண்டுவிட்டது என்பதே அவர்களுக்கு எனது பதில். ‘குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு, தாய்க்கு இந்த வருத்தம் எண்டு தெரிஞ்சால் நாளைக்கு சம்பந்தம் வருமோ’ என்று அஞ்சுவோரும் உண்டு. மார்பகப் புற்றுநோய் தொற்று நோயன்று. அநேகமானோருக்கு அது பரம்பரையால் வந்ததும் அன்று. சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு. அங்கே தாயின் நோயை மறைப்பது மகளின் உயிரோடு விளையாடுவதாகும். மகள்மாருக்குத் தெரிந்தால்தான் அவர்கள் உரிய காலத்தில் ஆலோசனை பெற முடியும்.

அகதியாக இருப்பவர்களுக்கென வேறொரு பயமும் உண்டு. நோய் இருப்பது தெரிந்தால் தஞ்சக் கோரிக்கை பாதிக்கப்படுமோ என்பது அது. தஞ்சக் கோரிக்கை எமக்குத் தாயகத்தில் உள்ள ஆபத்தைப் பற்றியது. நோயைக் காரணம் காட்டி அதனை மறுப்பதற்கு இடமில்லை. குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு வதிவிட அனுமதியைக் காட்ட வேண்டியதில்லை; முகவரிச் சான்றும் கட்டாயமில்லை. குடும்ப வைத்தியரைப் பார்ப்பதற்கு எவரும் பணம் செலுத்த வேண்டியதில்லை. தஞ்சம் கோரியிருப்போருக்கும் அகதியாக ஏற்கப்பட்டோருக்கும் வைத்தியசாலைச் சிகிச்சையும் இலவசமே. கோரிக்கை நிராகரிக்கப்பட்டோருக்கு வைத்தியசாலைக் கட்டணம் தொடர்பில் வேறு விதிகள் உள்ளன. அவர்கள் ஒரு சட்ட ஆலோசகரிடம் கேட்டறிய வேண்டும். ஆனால் அதற்காக முதற் படியாகிய குடும்ப வைத்தியரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோய்ச் சந்தேகத்தின் பேரில் அவசரமாக அனுப்பப்படுபவருக்கு, ஆம் அல்லது இல்லை என்ற முடிவை 28 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் நடைமுறையில் உள்ள இலக்காகும்.

வயது முதிர்ந்த அம்மாமாருக்குக் கைத்தொலைபேசியில் இதெல்லாம் இயலுமா என்றும் கேட்கப்படுகின்றது. அதே அம்மாமார் யாழ்ப்பாணத்தில் உள்ள பேரப்பிள்ளையுடன் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ஊரில் நடக்கும் கோயில் திருவிழாவை அதிலேயே பார்த்துக் கும்பிடுகின்றனர். வாயால் கேட்டுக் காதால் அறியக் கூடிய ஒன்றை அவர்களால் நிச்சயமாகப் பயன்படுத்த முடியும். ஒருமுறை ஒருவர் அருகில் இருந்து காட்டிக் கொடுத்தால் போதும்.

சனிக்கிழமை இரண்டு மணித்தியாலங்கள்

அந்த ஒருவரை எங்கே தேடுவது? சனிக்கிழமைதோறும் எமது தமிழ்ப் பாடசாலைகளில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது, தாய்மார் இரண்டு மணித்தியாலங்கள் வெளியே கதிரைகளில் காத்திருக்கின்றனர். தேநீரும் ஊர்க் கதையுமாக அந்த நேரம் கழிகின்றது. ஆண்டில் ஒரேயொரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்க முடியாதா? எமது சமூகத்தில் தாதியராகவும் வைத்தியராகவும் பணியாற்றும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருவரை அழைத்து, ஆண்கள் இல்லாத ஓர் அறையில், அறிகுறிகளைச் சொல்லித் தரச் செய்யலாம். கைத்தொலைபேசியில் இக்கணினியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, அது எங்கே பிழை விடும் என்பதையும் அங்கேயே காட்டலாம். அது பிழையாகச் சொன்னவற்றைக் குறித்து வைத்து அதனை அமைத்தவர்களுக்கு அனுப்பலாம். மனிதர் ஒருவரிடம் முதலில் கற்ற பெண்ணுக்கு, பின்னர் நள்ளிரவில் தனியாக இருக்கும்போது அந்தக் கணினி நல்ல துணையாகும். கணினியிடம் மட்டும் விடப்பட்ட பெண் தனித்தே விடப்படுகின்றாள்.

இறுதியாக ஒன்று. இக்கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நில்லாது போயினும், ஆங்கிலம் தெரியாத தாய்மார் ஒரேயொரு வசனத்தைப் பாடமாக்கிக் கொள்ளும்படி வேண்டுகின்றேன்: ‘ஐ ஹாவ் பவுண்ட் எ லம்ப் இன் மை பிரெஸ்ற்.’ என் மார்பகத்தில் ஒரு கட்டியைக் கண்டேன் என்பது அதன் பொருள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பின், இந்த வசனத்தை ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி மகளிடமோ, அயலவரிடமோ, அந்தக் கணினியிடமோ கேளுங்கள். வைத்தியரின் மேசையில் அதனை வையுங்கள். ஒன்றும் பேச வேண்டியதில்லை.

அன்று என் அம்மாவிடம் அப்படி ஒரு கடதாசி இருந்திருந்தால், அதை எழுதித் தர இரவிலே ஒரு குரல் இருந்திருந்தால், நடுவில் இருந்த அந்தக் கதிரையில் நான் அமர்ந்திருக்க வேண்டி வந்திராது. இன்று பதினொரு வயதாகும் எந்தப் பிள்ளையும் அக்கதிரையில் அமரக்கூடாது.